மாமனாருக்குப் பத்து நாள்

1

போன வாரம் டப்ளின் விமான நிலையத்தில் வியன்னா விமானத்துக்கு வரிசையில் நின்றோம். கவுன்ட்டரில் இருந்த நரைத்த தலைக்காரர் எங்கள் மூன்று பாஸ்போர்ட்டையும், என் குடியிருப்பு அட்டையையும் வாங்கிப் புரட்டினார். பெட்டி எத்தனை என்று கேட்டார். போர்டிங் பாஸைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவ்வளவுதான்.

என் தோளில் ஒரு பை இருந்தது. அதற்குள் எங்கள் திருமணச் சான்றிதழின் அசல், அதன் நகல்கள், மகளின் பிறப்புச் சான்றிதழ், ஐரோப்பியச் சட்டத்தில் எனக்கு வேண்டிய பக்கத்தின் அச்சுப் பிரதி எல்லாம் இருந்தன. யாராவது கேட்டால் எடுத்து வைக்க வேண்டும் என்று வீட்டிலிருந்தே மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். ஒருவரும் கேட்காததில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. என் கணவர் மாரெக் அதைக் கண்டுகொண்டு சிரித்தார்.

என் பாஸ்போர்ட்டில் காந்திமதி என்ற ஒற்றைப் பெயர்தான். குடும்பப் பெயருக்கான இடம் காலி. திருவனந்தபுரத்தில், கரமனை அக்ரஹாரத்தில் வளர்ந்தவளுக்கு ஒரு இனிஷியல் போதுமாக இருந்தது. வெளியுலகத்துக்கு அது போதவில்லை. மாரெக் ஸ்லோவாக்கியா நாட்டுக்காரர். அவருக்குக் குடும்பப் பெயர் கொவாச். அவர்கள் வழக்கப்படி பெண்களுக்கு அந்தப் பெயரின் பின்னால் ஒரு வால் முளைக்கும். ஆகவே எங்கள் மகள் ஜோஃபியா கொவாச்சொவா. ஒரே வீட்டில் மூன்று பேர், மூன்று பெயர். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது, வீடு மாற்றியபோது, மருத்துவமனையில் பெயர் பதிந்தபோது எல்லாம் நாங்கள் ஒரு குடும்பம்தான் என்று விளக்கம் சொல்லியே எனக்குப் பழகிவிட்டது.

டப்ளினில் மாரெக் டவுன் பஸ் ஓட்டுகிறார். நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு அறை வாடகைக்கு எடுத்திருந்தபோது பழக்கமானோம். கல்யாணம் திருவனந்தபுரத்தில்தான் நடக்க வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். ரிஜிஸ்தர் கல்யாணம். எங்கள் இருவர் பெயரையும் அறிவிப்புப் பலகையில் ஒரு மாதம் ஒட்டி வைத்தார்கள். அந்த வழியாகப் போகாதவர்கள்கூட அங்கே போய்ப் படித்துவிட்டு வந்தார்கள். அப்பா சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அம்மாவுக்கு அன்று தலைவலி. எழுந்திருக்கவே இல்லை.

இப்போது அப்பா இல்லை. அம்மா மாரெக்கிடம் பிரியமாகத்தான் இருக்கிறாள். அவருக்குப் பிடிக்கும் என்று ஓலனும் அவியலும் பண்ணிப் போடுவாள். ஆனால் தெருவில் யாராவது பெண்ணைப் பற்றி விசாரித்தால், "அயர்லாந்துல மருந்துக்கடையில வேலையா இருக்கா" என்று சொல்லி அங்கேயே நிறுத்திவிடுவாள். மாப்பிள்ளை என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. நானும் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டிருந்தேன்.

2

போன வருஷம் அண்ணாவின் பெண் வைதேகிக்கு நிச்சயதார்த்தம். அதற்காக மூன்று பேரும் ஊருக்குப் போயிருந்தோம். வியாழக்கிழமை விசேஷம் என்றால், அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மத்தியானம் மாரெக்கின் அக்கா யானாவிடமிருந்து போன் வந்தது.

மாரெக் அப்போது சமையலறைத் தரையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அம்மா கொடுத்த வேலை அது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினார். அவர் மொழியில் எனக்குப் பாதிதான் புரியும். ஆனால் அன்று எதுவும் புரிய வேண்டியிருக்கவில்லை. பேசி முடித்துவிட்டு, பாதி துருவிய மூடியைக் கையில் பிடித்தபடியே இருந்தார். அவருடைய அப்பா யோசெப் விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். திங்கட்கிழமை அடக்கம்.

நான் அதைத் தமிழில் சொன்னதும் அம்மா அவர் கையிலிருந்த தேங்காய் மூடியை மெதுவாக வாங்கி வைத்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "அவரோட அம்மாக்கு இப்போ கூட யாரு இருக்கா?"

யானா பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறாள் என்றேன். அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். எங்கள் எல்லாரையும் குளிக்கச் சொன்னாள். வேறு எதுவும் பேச அன்று நேரமில்லை. அண்ணா டிக்கெட் மாற்றும் வேலையில் இறங்கினார். மறுநாள் காலை வளைகுடா வழியாக வியன்னாவுக்கு மூன்று இடம் கிடைத்தது. வியன்னாவிலிருந்து எல்லையைத் தாண்டி இரண்டு மணி நேரம் காரில் போனால் மாமனார் ஊர்.

நிச்சயதார்த்தத்தை விட்டுவிட்டுப் போகிறோமே என்று வைதேகியிடம் சொல்லப் போனேன். அவள் என்னைப் பேச விடாமல், ஜோஃபியாவுக்குத் தன் குளிர் ஸ்வெட்டரை எடுத்துக் கொடுத்தாள். மூணாறுக்கு ஒரு தடவை போட்டுக்கொண்டு போனதாம்.

3

செக்-இன் கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். மாரெக்கின் பாஸ்போர்ட்டையும் ஜோஃபியாவின் பாஸ்போர்ட்டையும் பார்த்துவிட்டுச் சட்டென்று போர்டிங் பாஸ் அச்சடித்தாள். என் நீலப் பாஸ்போர்ட் வந்ததும் கை நின்றது. வியன்னாவுக்கு விசா எங்கே என்று கேட்டாள்.

அட்டையைக் காட்டினேன். ஐரோப்பியக் குடிமகனின் மனைவி என்பதால் அயர்லாந்து அரசாங்கம் கொடுத்த அட்டை. கணவரோடு சேர்ந்து பயணம் போனால் எனக்குத் தனி விசா வேண்டாம். அவள் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள். இந்தியப் பாஸ்போர்ட், வியன்னா, விசா அவசியம் என்று அது சொன்னதாம். மேலதிகாரியைக் கூப்பிட்டாள். அவர் வந்து அட்டையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நாங்கள் கணவன் மனைவி என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். கல்யாணச் சான்றிதழின் அசல் வேண்டும்.

அசல் டப்ளினில், அலமாரிக்குள் இருந்தது. ஊருக்கு வர அது ஒரு நாளும் தேவைப்பட்டதில்லை. போனில் படம் இருக்கிறது என்று காட்டினேன். படம் செல்லாது என்றார். அதில் என் அப்பா பெயரும் சேர்ந்து இருந்தது, பாஸ்போர்ட்டில் இல்லை. மகள் பெயரோ தகப்பன் பெயரோடு ஒத்துப் போகவில்லை. அந்த வாலைப் பற்றி விளக்கினேன். எனக்கே அது கட்டுக்கதை போலக் கேட்டது.

அந்தப் பெண் ஜோஃபியாவிடம் என்னைக் காட்டி, இவங்க யார் என்று இங்கிலீஷில் கேட்டாள். என்னை யாரென்று ஏன் கேட்கிறார்கள் என்பதே அவளுக்கு விளங்கவில்லை. "என் அம்மா. வேறே யாரு?" என்றாள், அவளுடைய டப்ளின் இங்கிலீஷில். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். மேலதிகாரியும் சிரித்தார். ஆனாலும் போர்டிங் பாஸ் வரவில்லை.

வியன்னாவில் என்னைத் திருப்பி அனுப்பினால் பழி தங்கள்மேல் விழும் என்றார் அவர். தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டுப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ரிஜிஸ்திரார் ஆபீஸில் சான்றிட்ட நகல் வாங்கலாமே என்று யாரோ சொன்னார்கள். அன்று இரண்டாம் சனிக்கிழமை. திங்கட்கிழமைதான் திறப்பார்கள்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியிருந்தது. "சேச்சி, ஞான் எந்து செய்யும்" என்று மலையாளத்தில் மெல்லச் சொன்னாள். நான் என்ன செய்வேன் என்று என்னிடம் கேட்ட அவளுக்கு நான்தான் ஆறுதல் சொன்னேன். சாரமில்லை மோளே, பரவாயில்லை என்று.

மாரெக் தன் பெட்டியை இறக்கச் சொன்னார். நீ வராமல் நான் போகப் போவதில்லை என்றார். சத்தம் போடவில்லை. அவர் கோபத்தில் குரல் தாழ்ந்துதான் போகும். இருபது வருஷத்தில் அந்தக் குரலை நான் இரண்டு மூன்று தடவைதான் கேட்டிருக்கிறேன்.

"அப்பாவுக்கு இருக்கிறது ஒரே பிள்ளை. நீ போய்த்தான் ஆகணும்" என்றேன்.

"என் பக்கத்தில் நீ நிற்கணும். அதுக்குத்தானே கல்யாணம் பண்ணிக்கிட்டோம்?"

ஜோஃபியா அவர் கையைப் பிடித்து, "அப்பா, நான் நிக்கறேன்" என்றாள். வீட்டில் இங்கிலீஷைத் தவிர வேறு எது பேசினாலும் முகத்தைச் சுளிக்கிற பெண், அதை அவர் மொழியில் சொன்னாள். மாரெக் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பெட்டியை மறுபடியும் தராசில் வைத்தார்.

அவர்கள் பாதுகாப்புச் சோதனைக்குள் போகும்வரை நின்று பார்த்தேன். உள்ளே வந்த பயணி பயணம் போகாமல் வெளியே வருவதற்குத் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அந்தக் கவுன்ட்டர் பெண்ணே கூட வந்து, காவல்காரரிடம் சொல்லி, என் பெட்டியையும் உருட்டிக்கொண்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டாள்.

4

அண்ணா காரில் வீட்டுக்குக் கூட்டிவந்தார். வழியில் அவர் விமானக் கம்பெனியைத் திட்டிக்கொண்டே வந்தார். நான் திரும்பி வருகிறேன் என்று அம்மாவுக்குப் போனில் சொல்லியாகிவிட்டது.

சாயங்காலம் விளக்கேற்றும் நேரம். பழக்கத்தில் நான் கைகால் கழுவிக்கொண்டு பூஜை அறைப்பக்கம் போனேன்.

"விளக்கைத் தொடாதேடி" என்றாள் அம்மா.

திரும்பிப் பார்த்தேன்.

"உனக்குத் தீட்டு. மாமனார் போயிருக்கார். பத்து நாளைக்கு நீ எதையும் தொடப்படாது. வியாழக்கிழமை மண்டபத்துக்கும் வரப்படாது."

அண்ணா ஆடிப்போய்விட்டார். வைதேகிக்கு இருப்பது ஒரே அத்தை, போகத்தான் முடியவில்லை, இங்கே இருந்துகொண்டு விசேஷத்துக்கு வராவிட்டால் எப்படி என்றார். அவாளுக்கு நம்ம மதமும் இல்லை, கோத்ரமும் இல்லை, தீட்டு எங்கேயிருந்து வந்தது என்று கேட்டார். சடங்கு பண்ணி வைக்கிற வாத்தியாரைக் கேட்டுப் பார்க்கலாம் என்றார்.

"இவ திரும்பி வரான்னதுமே போன் பண்ணிக் கேட்டுட்டேன். தீட்டு இல்லைன்னுதான் சொன்னார். நான் அவரைக் கேட்டிருக்கவே வேண்டாம்" என்றாள் அம்மா.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என் மனசு போன இடத்தைச் சொல்கிறேன். மண்டபத்தில் சம்பந்தி வீட்டார் முன்னால் நான் நிற்பதும், இவள் புருஷன் எங்கே, எந்த ஊர் என்று அவர்கள் கேட்பதும் அம்மாவுக்குச் சங்கடம். அதற்குத்தான் இந்தச் சாக்கு என்று நினைத்தேன். அப்படியே கேட்டும்விட்டேன்.

அம்மா எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"நீ அந்தாத்து மாட்டுப்பொண்ணு. அந்தாத்துல ஒருத்தர் போயிருக்கார். மாப்பிள்ளை அங்கே தனியா நிக்கறார். நீ இங்கே பட்டுப்புடவை கட்டிண்டு சந்தனம் பூசிண்டு நிப்பியா? அவரோட அம்மா கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

அம்மா போய்த் தானே விளக்கேற்றினாள். நான் கூடத்தில் சுவரோரமாக உட்கார்ந்தேன். அழுகை அப்போதுதான் வந்தது. விமான நிலையத்தில் வராத அழுகை. மாமனாருக்காகவா, மாரெக்குக்காகவா, மாப்பிள்ளை என்று அம்மா சொன்ன அந்த ஒரு சொல்லுக்காகவா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அம்மா என்னைத் தொடாமல், எட்ட இருந்தே பாயையும் தலையணையையும் போட்டாள்.

5

திங்கட்கிழமை ஜோஃபியா தன் போனைத் தேவாலயத்தில் பெஞ்சுக்கடியில் மறைத்துப் பிடித்துக்கொண்டு எனக்குக் காட்டினாள். பாதி நேரம் கால்களும் பூக்களும்தான் தெரிந்தன. என் அம்மா தானும் பார்க்க வேண்டும் என்றாள். என்னைத் தொடக் கூடாதே. நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டு கழுத்தை நீட்டிப் பார்த்தாள். கல்லறைக்குப் போகும் வழியில் கிராமத்து பேண்டுக்காரர்கள் வாசித்தார்கள். "அவாளுக்கும் வாத்தியம் உண்டா" என்று கேட்டாள். மாரெக் மண் அள்ளிப் போட்டபோது அவர் பக்கத்தில் வைதேகியின் ஸ்வெட்டரோடு ஒரு தோள் தெரிந்தது. படம் ஆடியது.

வியாழக்கிழமை எல்லாரும் மண்டபத்துக்குப் போனார்கள். நான் மாடி அறையில் தனியாக இருந்தேன். வைதேகி புடவை கட்டிக்கொண்டு படியின் கீழே வந்து நின்று காட்டிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை எதிராத்து கோமதி மாமி வந்தாள். அந்தத் தெருவில் என் கல்யாண அறிவிப்பை முதலில் போய்ப் படித்தவள் அவள்தான் என்று அப்பா சொல்லுவார். மண்டபத்தில் என்னைக் காணவில்லை என்று அவள் கேட்டிருக்கிறாள். அம்மா எல்லார் எதிரிலும், காந்திமதிக்கு மாமனார் தவறிப் போய்விட்டார், தீட்டு என்று சொல்லியிருக்கிறாள். மாமி துக்கம் விசாரிக்க வந்திருந்தாள்.

என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். எல்லார் வீட்டிலும் கேட்பதைத்தான் என்னிடமும் கேட்டாள். என்ன வயசு, என்ன உடம்புக்கு, கஷ்டப்பட்டாரா. எண்பது தாண்டிவிட்டது, தூக்கத்திலேயே போய்விட்டார் என்றேன்.

"புண்ணியவான். உங்கிட்ட எப்படி இருப்பார்?"

இந்த ஊரில் யாரும் என்னை அதைக் கேட்டதில்லை. நான் சொல்ல ஆரம்பித்தேன். ரயிலில் சிக்னல் வேலை பார்த்தவர். முதல் தடவை நான் அவர் வீட்டுக்குப் போனபோது, சூடான தேசத்துப் பெண் வருகிறாள் என்று என் அறையில் முந்தின நாளே அடுப்பு மூட்டி வைத்திருந்தார். அவர்கள் சாப்பாட்டில் காரம் கிடையாது. நான் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைக் கவனித்துவிட்டு, அடுத்த வருஷம் தயிர் டப்பாக்களில் மண் போட்டு, சமையலறை ஜன்னலில் வரிசையாக மிளகாய்ச் செடி வளர்த்து வைத்திருந்தார். அதில் ஒன்றைக் கடித்துப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வந்தும், நன்றாக இருக்கிறது என்று எனக்காகச் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு வருஷமும் அந்த ஜன்னல் காலியாக இருந்ததில்லை.

"எங்க மாமனாருக்கு நாற்பது வருஷம் சமைச்சுப் போட்டேன். உப்பு சரியா இருக்குன்னு ஒரு நாள் சொன்னதில்லை" என்றாள் கோமதி மாமி. பிறகு, "அவர் பேரென்ன சொன்னே?" என்று கேட்டாள்.

"யோசெப்."

அவள் அதை ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். எழுந்தாள். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாமி ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்து போனாள். அம்மா வாசலில் நின்று அவள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் கழிந்து, தலைக்குக் குளித்து, நான் டப்ளினுக்குத் திரும்பினேன். அந்த அட்டையே போதும், தங்கள் ஊழியர்கள் தவறாகப் புரிந்துகொண்டுவிட்டார்கள் என்று விமானக் கம்பெனி பிறகு மன்னிப்புக் கேட்டு எழுதியது. மாரெக் அதைப் படித்துவிட்டு மேஜைமேல் வைத்தார். நான் எங்கே இருந்தேன், எப்படி இருந்தேன் என்பதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார்.

6

இந்தத் தடவை மாமனாருக்குத் தேவாலயத்தில் நடக்கும் வருஷப் பூசைக்காகத்தான் போனோம். பூசை முடிந்த மறுநாள், சமையலறையில் மாமியாரோடு நான் மட்டும் இருந்தேன். அவர்கள் மொழியில் அம்மாவை மாமா என்று கூப்பிட வேண்டும். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவளை மாமா என்று கூப்பிடும்போது எனக்கு உள்ளே ஒரு சிரிப்பு எட்டிப் பார்க்கும். அவள் பிளம்ஸ் பழத்தை நடுவில் வைத்து மாவு உருட்டிக்கொண்டிருந்தாள். மாமனார் போன நாளிலிருந்து துக்கத்துக்காக முழுக்கக் கறுப்பு உடுப்பு.

அடக்கத்தன்று நீ உன் அம்மா வீட்டில் என்ன செய்தாய் என்று கேட்டாள். போன வருஷம் கேட்க நினைத்தாளாம், நான் வருத்தப்படுவேன் என்று விட்டுவிட்டாளாம்.

என் ஸ்லோவாக் மொழி கடையில் ரொட்டி வாங்குமளவுக்குத்தான். தீட்டுக்கு என்ன சொல் என்று தெரியாமல், அகராதியில் பார்த்து வைத்திருந்த ஒன்றைச் சொன்னேன். பத்து நாள் நான் அசுத்தமாக இருந்தேன் என்று அவள் காதில் விழுந்திருக்கிறது. மாவுக் கையோடு நிமிர்ந்தாள். உன்னை யார் அப்படிச் சொன்னது, உன் அம்மாவா என்று கேட்டாள். அவளுக்கு நிஜமாகவே கோபம்.

நான் பதறிப்போய், இருக்கிற சொற்களையெல்லாம் கூட்டி விளக்கினேன். அது அழுக்கில்லை. வீட்டில் ஒருத்தர் போய்விட்டால், அவருக்கு மிக நெருங்கியவர்கள்மேல் அந்தச் சாவு கொஞ்சநாள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் அவர்கள் விளக்கைத் தொட மாட்டார்கள், விசேஷத்துக்குப் போக மாட்டார்கள். தூரத்துச் சொந்தக்காரர்களுக்கு அது இல்லை. சொந்த மனுஷர்களுக்குத்தான். உன் மாமனார் உனக்குச் சொந்த மனுஷர் என்று என் அம்மா சொன்னாள்.

இதில் எத்தனை வார்த்தை தப்பு என்று தெரியாது. அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். மாவு அவள் விரல்களில் காய்ந்துவிட்டது.

"பத்து நாள் ஆனா போயிடுமா?" என்று கேட்டாள்.

"போயிடும், மாமா. குளிச்சா போயிடும்."

அவள் தன் கறுப்புச் சட்டையின் கையைக் குனிந்து பார்த்தாள். முழங்கை பக்கம் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டாள்.

"எனக்கு இன்னும் போகலை" என்றாள்.